தீ அணைக்கப் போகும் வழியில் நாம் விடும் தவறுகள்

போன சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் எங்கள் ஊரில் ஒரு கிடுகுக் குசினி பற்றிக்கொண்டது. பின்னேரம் ஏழு மணியிருக்கும். கேள்விப்பட்ட பொடியள் எல்லாரும் ஓடி வந்தார்கள். தீயணைப்பு வாகனமும் வந்தது, ஆனால் ஒழுங்கை வாயில் நின்றுவிட்டது. அங்கிருந்து எரிகிற வீட்டுப் படலை வரைக்கும் மோட்டார் சைக்கிள்கள். பாதிக்கு மேல் ஹாண்டில் பூட்டியவை. சொந்தக்காரர் வாளியும் கையுமாகக் கிணற்றடியில் நின்றார்கள். பின்சில்லைப் பிடித்துத் தூக்கி, ஒவ்வொன்றாகக் கதியால் வேலியோடு சாய்த்து வைத்துத்தான் வழி எடுத்தோம். தண்ணீர்க் குழாய் உள்ளே போனபோது குசினி முழுதாய்ப் போய், பக்கத்து அறையின் முகட்டு மரமும் கருகியிருந்தது. அந்த வரிசையின் நடுவில் நின்ற ஒரு மோட்டார் சைக்கிள் என்னுடையது.

அன்றிலிருந்து இதைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் சனசமூக நிலையத்தில் தொண்டர் குழு ஒன்று தொடங்கும் பேச்சும் நடக்கிறது. என் பெரியம்மாவின் மகன் சுவிற்சர்லாந்தில் ஒரு கிராமத் தீயணைப்புப் படையில் இருக்கிறார். அங்கே பல மாநிலங்களில் குறிப்பிட்ட வயதுக்காரர் தீயணைப்புச் சேவை செய்ய வேண்டும், இல்லையேல் அதற்கென்று ஒரு வரி கட்ட வேண்டும். பகலில் வேறு வேலை, அழைப்பு வந்தால் தீயணைப்பு. ஜேர்மனியிலும் பெரிய நகரங்கள் தவிர்ந்த இடங்களில் பெரும்பாலும் தொண்டர்கள்தான். "நெருப்பு எண்டு கேட்டதும் எப்பிடி ஓடுவியள்?" என்று அண்ணையிடம் கேட்டேன். "தம்பி, நான் நெருப்பிட்டைப் போறேல்லை, நிலையத்துக்குத்தான் போவன். வெறுங்கையோட நெருப்பிட்டைப் போய் நான் என்ன செய்யிறது?" என்றார்.

நாம் விடும் முதல் தவறு இதுதான்: நேரே நெருப்பிடத்துக்குப் போவது. அங்கே தொண்டர் வீட்டிலிருந்து சொந்தக் காரில் நிலையத்துக்குப் போய், உடுப்பு மாற்றி, தீயணைப்பு வாகனத்தில் ஏறி, ஒரு தலைவரின் கீழ் குழுவாக வந்து இறங்குகிறார். பிரித்தானியாவில் அழைப்பின்பேரில் வரும் தீயணைப்பாளர் நிலையத்துக்குச் சில நிமிடத் தொலைவுக்குள் வசிப்பவராகவோ வேலை செய்பவராகவோ இருக்க வேண்டும் என்று கேட்பதும் இதற்காகவே.

எங்கள் ஊர்களில் நிலையம் இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். யாழ்ப்பாணத்தில் மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவு நகரத்திலிருந்துதான் வரவேண்டும். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்தபோது, அங்கே அப்போது தீயணைப்புச் சேவை இல்லாததால், யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் 60 கிலோமீற்றருக்கு மேல் வாகனம் ஓடவேண்டியிருந்தது. வாகனம் வருமட்டும் அயலவர்தான் கை. அதனால்தான் அயலவர் எப்படிப் போகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

நிலையம் இல்லாத ஊரில் ஒழுங்கை வாயையே நிலையமாக வைத்துக்கொள்ளுங்கள். மிகக் கிட்ட இருக்கிற மூன்று நான்கு பேர் நடந்து உள்ளே போகட்டும், ஆளை வெளியே எடுக்கட்டும், வாளித் தண்ணீரைத் தொடங்கட்டும். வாகனத்தில் வருகிற மற்றவர்கள் அதைக் கோவில் வீதியிலோ வாசிகசாலை வளவுக்குள்ளோ விட்டுவிட்டு நடந்து வாருங்கள். ஒழுங்கைக்குள் ஒரு சைக்கிள்கூடப் போகக்கூடாது. ஒருவர் ரோச் லைற்றோடு பெரிய வீதிச் சந்தியில் நின்று வாகனத்தை உள்ளே திருப்பிவிட வேண்டும். எல்லாருக்கும் வாளி தூக்கத்தான் விருப்பம், சந்தியில் நிற்க ஆள் கிடையாது. ஆனால் அன்றிரவு அப்படி ஒருவர் நின்று வந்தவர்களை மறித்திருந்தால் அந்த அறை தப்பியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

புறப்படுமுன் தீயணைப்பு எண்ணான 110க்கு அழைத்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இருபது பேர் ஓடுகிற இடத்தில், வேறு யாரோ எடுத்திருப்பார்கள் என்று இருபது பேரும் நினைக்கிறார்கள். காயக்காரர் இருந்தால் 1990. அந்த அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்துவிட்டது, இன்னும் ஓட்டோ தேடி ஓடத் தேவையில்லை. இடம் சொல்லும்போது "பிள்ளையார் கோவிலடி" என்று நிறுத்தாதீர்கள். பிள்ளையார் கோவிலடி இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் ஏது? ஊர், பெரிய வீதியின் பெயர், எந்தச் சந்தியால் எந்தப் பக்கம் திரும்புவது, எத்தனையாவது ஒழுங்கை. இதைச் சொன்னால்தான் நகரத்திலிருந்து வருகிற சாரதிக்கு வழி தெரியும்.

அடுத்தது வேகம். எரிகிற வீடு 3 கிலோமீற்றர் தள்ளியிருக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போனால் 3 நிமிடம் 36 செக்கன். 70இல் முறுக்கினால் 2 நிமிடம் 34 செக்கன். மிச்சம் பிடித்தது 62 செக்கன், அதுவும் வழியில் எங்கும் பிரேக் பிடிக்காமல் போனால். அந்த 62 செக்கனுக்காக, பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறீர்கள். எங்கள் வீதிகளில் ஒழுங்கை வாயிலிருந்து லைற் இல்லாத சைக்கிள் வரும், ஆடு வரும், நாய் வரும், சின்னப் பிள்ளை வரும். அமெரிக்காவில் கடமையில் இறக்கும் தீயணைப்பாளர்களைப் பற்றி நெடுங்காலமாகக் கணக்கு வைக்கிறார்கள். மாரடைப்புக்கு அடுத்தபடி நிற்கும் பெரிய காரணங்களில் வாகன விபத்து ஒன்று. தொண்டர்களில் பலர் சொந்த வாகனத்தில் போகும் வழியிலேயே, சீற் பெல்ற் போடாமல் இறந்திருக்கிறார்கள். அப்படி ஒருவர் வழியில் விழுந்தால், நெருப்புக்கு ஓடியவர்களில் நான்கு பேர் அவரைத் தூக்க நிற்க வேண்டும்.

றெயில் கடவையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1990இல் நின்ற றெயில் யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபரிலும், காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியிலும் திரும்பி வந்தது. இடையில் 24 வருசம். தண்டவாளத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கும் பழக்கம் இல்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. காவலாள் இல்லாத கடவைகளில் எத்தனை உயிர் போனது என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு அவசரமென்றாலும் அங்கே நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கடவுங்கள். முன்னால் போனவன் கடந்துவிட்டான் என்பதை நம்பி அவன் பின்னால் விடாதீர்கள்.

லைற், ஹோர்ன் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. கனடாவிலிருந்து வருகிற சொந்தக்காரர், அங்கே தொண்டர்கள் காரில் பச்சை லைற் போட்டுக்கொண்டு ஓடுவதைச் சொல்வார்கள். ஒன்ராறியோவில் அப்படித்தான். நியூயோர்க் மாநிலத்தில் தீயணைப்புத் தொண்டருக்கு நீல லைற், அம்புலன்ஸ் தொண்டருக்குப் பச்சை. ஆனால் அந்த லைற் "தயவுசெய்து வழி விடுங்கள்" என்று கேட்கிறது, அவ்வளவுதான். வேக எல்லையைத் தாண்டவோ சிவப்பில் பாயவோ அது உரிமை தருவதில்லை. பிரித்தானியாவில் சொந்தக் காருக்கு அந்த நீல லைற்றும் கிடையாது. ஆகவே கலர் கலராய் மின்னும் லைற் பூட்டி, ஹோர்னில் கைவைத்தபடி போனால் எதிரே வருகிறவர் தடுமாறுவார், வேறொன்றும் நடக்காது.

உடுத்த சாரத்தோடு ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். சாரம் செயினில் சிக்கும், நெருப்புப் பொறியும் பிடிக்கும். செருப்போடு போனால் சுடுகிற தகரத்திலும் ஆணியிலும் கால் வைக்க வேண்டும். காற்சட்டை, பருத்திச் சேட், சப்பாத்து, ஹெல்மெற், எல்லாம் போட ஒரு நிமிடம்தான். குடித்திருந்தால் போகவே வேண்டாம். இதில் தாட்சண்யம் பார்க்கக்கூடாது. "நான் இண்டைக்கு வரேல்லை" என்று சொல்கிறவரை யாரும் பகிடி பண்ணக்கூடாது. ஓடும்போது வட்ஸ்அப்பைப் பார்க்காதீர்கள், பின்னால் இருப்பவர் பார்க்கட்டும்.

தண்ணீர் கொண்டு போகிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. ஊரில் உழவு இயந்திரப் பெட்டியில் தாங்கியை ஏற்றிக்கொண்டு ஓடுவோம். 1,000 லீற்றர் தண்ணீர் ஒரு தொன் பாரம். தாங்கி அரைவாசி நிரம்பியிருந்தால் இன்னும் ஆபத்து: வளைவில் தண்ணீர் முழுவதும் ஒரு பக்கம் அடித்து, பெட்டியைச் சரிக்கும். நிரப்பினால் முழுக்க நிரப்புங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். மட்காட்டிலும் பெட்டிக் கொழுவியிலும் பொடியளைத் தொங்கவிடாதீர்கள். கை நழுவினால் விழுவது பெட்டிச் சில்லுக்கு முன்னால்தான். தீயணைப்பு வாகனத்தை ஒட்டியபடி பின்னால் ஓடுகிறவர்களும் இதை நினைக்க வேண்டும். அது எங்கே திடீரென்று நிற்கும் என்று சாரதிக்கே முன்கூட்டித் தெரியாது.

போய்ச் சேர்ந்தபின் வாகனத்தைக் காற்று பொறியைக் கொண்டுபோகிற பக்கத்தில் விடாதீர்கள். சோளகத்தில் பொறி வடக்குக் கிழக்காகப் பறக்கும், ஒரு கிடுகு வேலி போதும் அது பிடிக்க. மின்கம்பிக்குக் கீழேயும் விடாதீர்கள். முன்பக்கம் வெளியே பார்க்க நிறுத்துங்கள், ஹாண்டிலைப் பூட்டாதீர்கள். கிணற்றுக்குப் போகும் வழியை மறிக்காதீர்கள், வாகனத் தண்ணீர் முடிந்தால் அதுதான் அடுத்தது.

திரும்பி வருவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நெருப்பு அடங்கும்போது நள்ளிரவாகியிருக்கும். புகை குடித்த தலை இடிக்கும், கண் எரியும், கை நடுங்கும். அந்த நிலையில் தனியே மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள். ஒரு தண்ணீர்ப் போத்தலை முழுக்கக் குடித்து, பத்து நிமிடம் திண்ணையில் இருந்துவிட்டு, தெளிவாக இருக்கிற ஒருவரின் பின்னால் ஏறி வீட்டுக்குப் போங்கள். மோட்டார் சைக்கிள் கோவில் வீதியில் நிற்கட்டும், விடிந்தபின் எடுக்கலாம்.