மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்: முதல் முழு மாரத்தானுக்குத் தயாராவது எப்படி?

தைப்பூசத்துக்குப் பழநிக்குப் பாதயாத்திரை போய்வந்த கால்களுக்கு 42.195 கிலோமீட்டர் ஒரு பொருட்டா என்ற நினைப்பில்தான் நானும் முதல் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். அதுவரை நான் ஒரே ஓட்டமாக ஓடியிருந்த அதிகபட்சத் தொலைவு 16 கிலோமீட்டர்; போட்டிக்கு இருந்தது ஒன்பது வாரம். 31ஆவது கிலோமீட்டரில் தொடை இரண்டும் கல்லாக இறுகிவிட, சாலை நடுவிலிருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, பனியனில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போதோ இரண்டும் தரையை விட்டு எழும்பி, ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. பழநி நடை மனத்துக்குத் தெம்பு தரும், காலுக்குப் பயிற்சி ஆகாது.

புதிதாக ஓட வருபவரை ஏமாற்றுவது மூச்சுதான். ஆறேழு வாரம் ஒழுங்காக ஓடினால் இளைப்பு குறைந்து, இன்னும் ஐந்து கிலோமீட்டர் போகலாம் என்ற துணிச்சல் வந்துவிடும். ஆனால் தசைநாண்களும் எலும்புகளும் புதிய சுமைக்குத் தக்கபடி உறுதிப்பட மாதக்கணக்காகும். கெண்டைக்கால் முன்னெலும்பு வலி, குதிகால் வலி, எலும்பில் மயிரிழை விரிசல் ஆகியவை பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வந்து சேர்கின்றன. ஆகவே பயிற்சித் திட்டத்தை எலும்பின் வேகத்துக்கே போட வேண்டும்.

முழு மாரத்தானுக்கான திட்டங்கள் பொதுவாக 16 முதல் 20 வாரம் வரை நீளும். அவற்றின் முதல் வாரத்துக்குள் நுழையவே ஒரு தகுதி வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாரத்துக்கு நான்கு நாள், மொத்தம் 25 கிலோமீட்டர் அளவுக்கு, வலியில்லாமல் மூன்று மாதமாவது ஓடியிருப்பதை நான் அந்தத் தகுதியாகச் சொல்வேன். அதற்கும் முன்னதாக, கோயம்புத்தூர் மாரத்தானில் இருப்பதைப் போன்ற 21.1 கிலோமீட்டர் பிரிவு ஒன்றில் ஓடி முடித்துவிட வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடும்பத்தில் இதய நோய் இருந்தவர்களும் எல்லாவற்றுக்கும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வாரத் தொலைவைப் பத்து சதவீத அளவில் கூட்டிக்கொண்டு போய், நான்காவது வாரத்தில் கால் பங்கைக் குறைத்து உடலுக்கு இளைப்பாறல் தருவது நல்ல வழக்கம். வாரத்துக்கு ஒருமுறை வரும் நீள ஓட்டம் 14, 16, 18 என்று ஏறி, ஒரு வாரம் 14க்கு இறங்கி, மீண்டும் ஏறி, போட்டிக்கு மூன்று வாரம் முன்னதாக 30 அல்லது 32 கிலோமீட்டரில் நிற்க வேண்டும். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே இதற்குச் சரியான வேகம். மெதுவாக ஓடுவதற்குக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம் காயப்படுகிறார்கள் என்பது நான் கண்டது.

எனது இரண்டாம் முயற்சியில் நீள ஓட்டத்துக்குக் கீழ்பவானி வாய்க்கால் கரையைப் பிடித்துக்கொண்டேன். பவானிசாகரில் தொடங்கி 200 கிலோமீட்டர் போகும் அந்த வாய்க்காலின் மண்கரை காலுக்கு இதமாக இருப்பதோடு, லாரித் தொல்லையும் இல்லாதது; ஆனால் போட்டி தார்ச்சாலையில்தான் என்பதால் வாரத்தில் ஒரு நாளாவது தாரில் ஓடியாக வேண்டும். வழியிலுள்ள டீக்கடையில் முந்தின நாள் மாலையே ஒரு பாட்டில் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து வைத்துவிடுவேன். முதல் நாள் கடைக்கார அக்கா, "ஏனுங் தம்பி, வண்டி ரிப்பேருங்ளா? இப்பப் பால் வண்டி வருமுங், ஏறிக்குங்க" என்றார். ஊர் நாய்கள் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடந்துவிடுவதே நல்லது.

பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜனவரியில் சென்னையில் ஓடப் போகிறவர் ஆகஸ்ட் கடைசியில் திட்டத்தைத் தொடங்குவார். அப்போது நம் கொங்குப் பகுதியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. முதல் பாதியை மேற்கு நோக்கி எதிர்காற்றில் ஓடிவிட்டால், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். நம் பக்கத்து வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்து உடலைக் குளிர்விக்கும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அது உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். ஆகவே அங்கே பயிற்சி வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 15, 20 நொடி மெதுவாகவே தொடங்க வேண்டும்.

உணவில்தான் நான் பெரிய தவறு செய்தேன். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் சர்க்கரை பலருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வரைதான் தாங்கும். நான் நின்ற இடம் அதற்குச் சாட்சி. ஓடத் தொடங்கி முக்கால் மணி நேரத்திலிருந்தே, பசிக்காவிட்டாலும், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்குக் கிடைக்கும், பேரீச்சையும் கைகொடுக்கும். கடலை மிட்டாய் சத்தானதுதான், ஆனால் ஓடும்போது தொண்டையில் நிற்கும். முந்தின இரவுக்கு நெய் குறைத்த அரிசிம்பருப்புச் சாதம் வயிற்றைத் தொந்தரவு செய்யாது. நார்ச்சத்து மிகுந்த கம்மங்கூழைப் போட்டிக் காலையில் குடிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம், வாந்தி, வலிப்பு வரை போகலாம் என்பதால், தாகத்துக்குக் குடித்து உப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்குக் கேடு.

ஷூவில் கால்விரல் நுனிக்கு முன் கைப் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்து விழும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் வாசலின் தடவிக்கொள்ளலாம். புது ஷூ, புது பனியன், புது உணவு எதையும் போட்டியன்று முதல்முறையாகப் பரிசோதிக்கக் கூடாது. கடைசி மூன்று வாரமும் ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். விட்டுப்போன தொலைவை அப்போது ஈடுகட்ட முயல்வது காயத்தில்தான் முடியும். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் எந்தக் கிலோமீட்டராக இருந்தாலும் நின்று, வழியிலுள்ள மருத்துவக் குழுவிடம் போய்விட வேண்டும்.

ஓடி முடித்ததும் உட்காராமல் பத்து நிமிடமாவது நடக்க வேண்டும். மறுநாள் மாடிப்படியைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினால் தொடைக்கு வலி குறைவு, வீட்டில் சிரிப்பார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு ஷூவைத் தொட வேண்டாம், நடை போதும்.