இடுப்புக்குப் போன கை: கராத்தே பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் கோட்டை மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வகுப்பு முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிரவுன் பெல்ட் வாங்கிச் சில வாரமே ஆன ஒரு பையன், வாக்கிங் வந்த தன் மாமாவுக்கு வித்தை காட்ட ஆரம்பித்தான். குதிரை மேல் உட்கார்ந்தவன் போல இரண்டு காலையும் அகட்டி கிபா தாச்சியில் நின்று, ஒரு கை குத்த மறு கை இடுப்புக்குப் போக, கியாய் சத்தத்தோடு மாறி மாறிக் குத்தினான். மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னாடா இது, ஒரு கைய இடுப்புலயே வச்சிகினு நிக்கிற?" என்று கேட்டபடி இரண்டு உள்ளங்கையாலும் நெஞ்சில் ஒரு தள்ளு தள்ளினார். பையன் அப்படியே பின்பக்கமாகப் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் வெட்கம். அப்படி நிற்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே.

மாமா செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. கிபா தாச்சி பக்கவாட்டில் அசைக்க முடியாத நிலை. நேர் முன்னாலிருந்து தள்ளினால் பின்னால் முட்டுக்கொடுக்க ஒரு கால் கிடையாது. அது தொடைக்கு வலு ஏற்றவும், இடுப்பைத் தாழ்த்திப் பழகவும் வைத்த நிலை. அதையே சண்டைக்கு நிற்கும் நிலை என்று நினைத்ததுதான் பையனின் தவறு. ஷோடோகான் என்ற கராத்தே மரபைத் தொடங்கிய ஃபுனாகோஷி கிச்சின் தன் மாணவர்களுக்கு வைத்த 20 நெறிகளில் 17ஆவது இதைத்தான் சொல்கிறது: கமாய், அதாவது நிலை வைத்து நிற்பது, புதிதாக வருகிறவர்களுக்கு, அப்புறம் இயல்பாக நிற்பதே போதும். நம் ஊர் வகுப்புகளில் பெல்ட் நிறம் மாறுகிறது, நிற்கும் விதம் மட்டும் மாறுவதே இல்லை.

சரி, இடுப்புக்குப் போகிற அந்தக் கைக்கு வருவோம். இதில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். ஜப்பானியத்தில் இதற்கு ஹிகிதே என்று பெயர். இழுக்கும் கை என்று அர்த்தம். இழுப்பதற்கு ஏதாவது வேண்டும் இல்லையா? எதிராளியின் மணிக்கட்டு, சட்டைக் கை, காலர், ஏதோ ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிற கை அது. இழுத்தால் அவன் கால் தடுமாறும், முகம் நம் குத்துக்கு நேராக வரும், அவனுடைய ஒரு கையும் மாட்டிக்கொள்ளும். கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கை மார்புக்கு வருவதா முக்கியம்? குடம் மேலே வர வேண்டும்.

குடம் இல்லாமல் வெறும் கயிற்றை இழுக்கிற பழக்கம் எப்படி வந்தது என்றால், 1900களின் தொடக்கத்தில் இடோசு அங்கோ என்ற ஆசிரியர், கராத்தே பிறந்த ஒகினாவா தீவின் பள்ளிகளுக்குள் அதைக் கொண்டுவந்தார். 1922இல் ஃபுனாகோஷி டோக்கியோவில் செய்துகாட்டிய பிறகு அது ஜப்பானியக் கல்லூரிகளுக்கும் பரவியது. இருவர் இருவராகப் பிடித்துப் பழகியது போய், வரிசையாக நின்று காற்றில் குத்துவது பெருகியது. காற்றைப் பிடித்து இழுக்க முடியாது. கை மட்டும் இடுப்புக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆகவே கையில் ஒன்றும் சிக்காதபோது அது இடுப்பில் இருக்கக் கூடாது. தாடைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதே கதைதான் பிளாக்குக்கும். உகே என்பதைத் 'தடுப்பது' என்று சொல்லிக்கொடுக்கிறோம். அந்தச் சொல்லுக்கு 'வாங்கிக்கொள்வது' என்றுதான் பொருள். கட்டாவில், அதாவது தனியாக நின்று வரிசைப்படி செய்கிற பயிற்சியில், வருகிற மாதிரி கையைக் குறுக்கே கொண்டுபோய், முறுக்கி, பிறகு வீசித் தடுக்க நேரம் கிடைப்பது, எதிரே நிற்பவன் ஐந்தடி தூரத்திலிருந்து சொல்லிவிட்டுக் குத்தும்போது மட்டும்தான். கடைத்தெருவில் சட்டையைப் பிடித்தவன் சொல்லிவிட்டா அடிப்பான்? அந்த நெருக்கத்தில் கை ஏற்கெனவே மேலே இருந்தால் முகம் தப்பும், இல்லாவிட்டால் இல்லை.

கையை மேலே வைப்பதிலும் ஒரு கோளாறு உண்டு. பாக்சிங் பார்த்துவிட்டு இரண்டு முஷ்டியையும் கன்னத்தில் ஒட்டி நிற்கிறார்கள். அங்கே தடித்த கையுறை பாதி முகத்தை மூடிக்கொள்ளும். வெறுங்கையில் இடைவெளி வழியாகவே குத்து உள்ளே வந்துவிடும். கையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால் எதிரே வருவதைத் தொடவும் பிடிக்கவும் முடியும். அதைவிடப் பெரிய சிக்கல், முஷ்டி மடக்கி நின்றாலே 'வா பாக்கலாம்' என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. அதுவரை வெறுமனே கத்திக்கொண்டிருந்தவனுக்கும் கை நீளும்.

நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். ஒரு கால் லேசாகப் பின்னால், முழங்கால் விறைப்பில்லாமல். விரித்த உள்ளங்கைகள் மார்புக்கு மேலே, முழங்கை விலாவை ஒட்டி, முகவாய் தாழ்ந்து. "வேணாங்க, விடுங்க அண்ணா" என்று சமாதானம் பேசுகிறவர் கையை வைப்பாரே, அதே மாதிரி. பார்க்கிறவர்களுக்கு நீங்கள் சண்டையை விலக்குகிறீர்கள். உண்மையில் உங்கள் கார்டு, அதாவது காவல் கை, தயார். இரண்டு கை நீள தூரம் இருக்கட்டும். அதைத் தாண்டி அவன் உள்ளே வந்தால் ஒரு அடி பின்வாங்கி, சத்தமாக "கிட்ட வராதே" என்று சொல்லுங்கள். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதுவும் ஒரு கார்டுதான்.

முஷ்டியைப் பற்றி ஒன்று. கட்டைவிரலை உள்ளே வைத்து மடக்குவதை முதல் வாரத்திலேயே திருத்திவிடுவோம். ஆனால் சரியாக மடக்கிய முஷ்டியும் மண்டையில் பட்டால், சுண்டுவிரலுக்குக் கீழே புறங்கையில் இருக்கிற எலும்பு சுலபமாக உடையும். முகத்துக்கு உள்ளங்கையின் அடிப்பகுதியே போதும்.

போட்டியில் பழகியவர்களுக்கு வேறு விதமான வியாதி. தொட்டவுடன் நின்று நடுவரைப் பார்ப்பார்கள். அதைக் குறை சொல்ல முடியாது, அளவோடு அடிக்க வேண்டும் என்பதுதான் விதி. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டியில், சவூதியின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தபோது உதைத்த உதை ஈரானின் சஜாத் கஞ்சாதேயின் தலையில் பட்டு அவர் மயங்கி விழுந்தார். அளவுக்கு மீறிய அடி என்று ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். மயங்கி விழுந்தவருக்குத் தங்கம்! விளையாட்டாக அது நியாயம்தான். ஆனால் கையைத் தொங்கவிட்டுத் துள்ளிக்கொண்டே இருக்கும் அந்த நிலையைக் காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே கொண்டுவராதீர்கள்.

மணிக்கட்டைப் பிடித்தால் கட்டைவிரல் பக்கமாக உருவி விடுவிப்பது எல்லா முகாமிலும் சொல்லிக்கொடுப்பது. பள்ளி, கல்லூரிகளில் ஒரு நாள் முகாம் போட்டுப் பெண் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிட்டுச் சான்றிதழும் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. அங்கே பிடிக்கிற தோழி பொம்மை மாதிரி நிற்கிறாள். நிஜத்தில் பிடிப்பவன் இழுப்பான், மறு கையால் அடிப்பான். அதனால் பிடிப்பவர் இழுக்கவும் தள்ளவும் வேண்டும், விடுபட வேண்டியவர் பாதி முறை தோற்கவும் வேண்டும். அப்படிப் பழகாத வித்தை கைக்கு வராது.

பைக்கில் வந்து சங்கிலி பறிப்பவனிடம் எந்த கார்டும் எடுபடாது. வண்டி எதிரே வருகிற பக்கமாக நடங்கள், பையை ஓரத்துத் தோளில் மாட்டுங்கள். கத்தியைக் காட்டினால் பர்ஸைக் கொடுத்துவிடுங்கள்.

தப்பிக்க வழி கிடைத்த பிறகும் நின்று அடிப்பது கடைசித் தவறு, வழக்கு வரை கொண்டுபோகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தேவைக்கு மேல் அடிக்க அந்த உரிமை இடம் தருவதில்லை என்பதை 37ஆவது பிரிவு சொல்கிறது, போலீஸை நாட நேரம் இருந்தால் உரிமையே இல்லை என்பதையும் சேர்த்து. கீழே விழுந்துவிட்டவனை உதைத்தால் அது உங்கள் குற்றம். நகர்ந்துபோய் அவசர உதவி எண் 112க்குப் போன் அடியுங்கள்.

இப்போதெல்லாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வெள்ளை உடை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். செருப்பு, ஜீன்ஸ், துப்பட்டா, தோளில் புத்தகப்பை, எதில் தெருவில் நடப்பார்களோ அதிலேயே வரவேண்டும். செருப்போடு உதைத்தால் செருப்புதான் முதலில் பறக்கிறது, அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஒரு அம்மா மட்டும், நல்ல சுடிதாரெல்லாம் மண்ணாகுது மாஸ்டர் என்று மாதா மாதம் சண்டைக்கு வருகிறார். நானும் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, ஒரு கால் பின்னால் வைத்து, "கோவப்படாதீங்க அக்கா" என்கிறேன்.