உள்ளாட்சி ஊழியர் மீது புகார் கொடுத்தால் உள்ளே என்ன நடக்கும்?

புகார் கொடுத்தவர்களில் பலர், மறுவாரமே அந்த ஆளைத் தூக்கிவிடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். தூக்கவில்லை என்றால் "எல்லாரும் கூட்டு" என்று விட்டுவிடுகிறார்கள். சில சமயம் அது உண்மைதான். ஆனால் பல புகார்கள் எழுதிய விதத்தாலேயே படுத்துவிடுகின்றன.

படி 1: எந்த வகைப் புகார்?

குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது சேவைக் குறை. சான்றிதழுக்குப் பணம் கேட்டது, பதிவேட்டைத் திருத்தியது, பாலியல் தொல்லை கொடுத்தது எல்லாம் கடும் ஒழுங்கீனம். இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். கலந்தால் மனு பொறியாளர் மேசைக்குப் போகும், குழாய் சரியாகும், "தீர்வு காணப்பட்டது" என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

லஞ்சம், கையாடல், தாக்குதல் ஆகியவை குற்றங்களும்கூட. அவற்றுக்குக் காவல்துறை அல்லது ஊழல் தடுப்பு அமைப்பு உண்டு. லஞ்சம் கேட்டிருக்கிறார், நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை என்றால் அங்கேதான் முதலில் போக வேண்டும். அலுவலகத்தில் மனு கொடுத்தால் ஆள் உஷாராகிவிடுவார்.

படி 2: மனுவை எழுதுவது

இங்கே நேரம் செலவழியுங்கள். "அவர் ரொம்ப மோசம், எல்லாரிடமும் வாங்குகிறார்" என்பதை வைத்து யாரும் குற்றச்சாட்டு வரைய முடியாது. "மார்ச் 4, காலை 11 மணி வாக்கில், பிறப்புச் சான்றிதழ் பிரிவில் இரண்டாவது மேசையில் இருந்தவர் கட்டணத்துக்கு மேல் பணம் கேட்டார், என் தங்கை உடன் இருந்தாள்" என்று எழுதினால் முடியும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. நாளும் மேசையும் இருந்தால் வருகைப் பதிவேடு ஆளைக் காட்டிவிடும்.

ஆதாரங்களின் நகலை மட்டும் கொடுங்கள், மூலம் உங்களிடமே இருக்கட்டும். எண்ணும் தேதியும் போட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள்.

பயமாக இருந்தால் மொட்டைக் கடிதம் போடத் தோன்றும். அதில் திரும்பிக் கேள்வி கேட்க ஆள் இல்லாததால் பெரும்பாலும் நகராது. பெயரைக் கொடுத்து, ரகசியமாக வைக்கும்படி எழுதிக் கேட்பது மேல். 2003-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 33ஆவது பிரிவு, நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதை நாடுகள் பரிசீலிக்கச் சொல்கிறது. உங்கள் நாட்டில் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: அப்புறம் உள்ளே

முதற்கட்ட விசாரணையில், மேலே கொண்டுபோக விஷயம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். இருந்தால் குறிப்பிட்ட குற்றச்சாட்டுகளை எழுத்தில் கொடுத்து ஊழியரிடம் விளக்கம் கேட்பார்கள். சம்பவத்தோடு தொடர்பில்லாத ஒருவர் விசாரிப்பார். இதற்கிடையே பணியிடை நீக்கம் செய்தால் கொண்டாடாதீர்கள். அது தண்டனை இல்லை. சாட்சியை மிரட்டாமலும் கோப்பில் கை வைக்காமலும் இருக்கத் தள்ளி வைப்பது, அவ்வளவுதான்.

இந்த விசாரணையில் நீங்கள் பொதுவாகச் சாட்சிதான், வழக்காடுபவர் இல்லை. ஊழியர் தரப்பு உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். எரிச்சலாக இருக்கும், ஆனால் அவர் தரப்பைக் கேட்காமல் கொடுத்த தண்டனை மேல்முறையீட்டில் எளிதாக உடையும். குற்ற வழக்கு அளவுக்குச் சந்தேகமற்ற நிரூபணம் பொதுவாக இங்கே தேவையில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும்.

புகார் தலைமை அதிகாரி மீதே என்றால் அவருக்கு மேலே உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு விதிகள் வேறு.

படி 4: பதில் வந்த பிறகு

"தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒற்றை வரிதான் வரலாம். என்ன தண்டனை என்பதை ஊழியரின் தனிப்பட்ட விவரம் என்று சொல்லி மறைக்கும் இடங்கள் உண்டு. பதிலே வராவிட்டால், அல்லது விசாரித்த விதமே சரியில்லை என்றால், குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆம்புட்ஸ்மன் என்ற இந்தப் பதவி 1809-ல் ஸ்வீடனில் தொடங்கியது. பொதுவாக அவர் ஊழியரைத் தானே தண்டிக்க மாட்டார், அலுவலகம் புகாரைக் கையாண்ட விதத்தைத்தான் பார்ப்பார். முதலில் அலுவலகத்தில் புகார் கொடுத்தீர்களா என்று கேட்பார். அப்போது அந்த ஒப்புகைச் சீட்டை நீட்டுங்கள்.