ஒரே சூப், மூன்று ஊர்ச் சுவை

ஜப்பானிய வட்டாரச் சமையலைக் கற்க ஆசையா? சூஷியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மீசோ, அதாவது புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் சூப் வைத்துப் பழகுங்கள்.

அதற்கு உயிர் தாஷி என்ற சாறுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு என்ற காய்ந்த கடற்பாசியை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். சிறு தீயில் சூடாக்கி, கொதி வரும் முன்பே கொம்பை எடுத்துவிடுங்கள். கொதித்தால் வழவழப்பும் ஒருவித வாடையும் வந்துவிடும். உடனே 20 கிராம் கட்சுவோபுஷி, அதாவது மெலிதாகச் சீவிய மீன் கருவாட்டைப் போட்டு அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள். சைவம் என்றால் கருவாட்டுக்குப் பதில் காய்ந்த ஷீட்டாகே காளானைக் கொம்போடு சேர்த்து ஊறவைத்தால் போதும்.

இனி இந்தச் சாற்றில் கரைக்கும் மீசோவை மாற்றினாலே ஊர் மாறிவிடும். கியோட்டோவின் வெள்ளை மீசோ இனிக்கும். கியூஷுவில் பார்லி மீசோ. நாகோயா பக்கம் சோயாவில் மட்டும் செய்த கருஞ்சிவப்பு மீசோ. அதில் உடோன் நூடுல்ஸையே கொதிக்க வைப்பார்கள், அது தாங்கும். மற்ற இரண்டையும் அடுப்பை அணைத்த பிறகே கரையுங்கள், மணம் அப்படியே நிற்கும்.

கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி மீசோ சரியாக இருக்கும். வெள்ளை என்றால் கொஞ்சம் கூடுதல். உப்பு தனியாக வேண்டாம்.