அமெரிக்கக் காங்கிரஸிலிருந்து நீதிபதியானவரின் பணிவாழ்வை எழுதும் முறை

டர்பனிலோ சாட்ஸ்வொர்த்திலோ தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்காகவோ சட்டப் படிப்புக்காகவோ அமெரிக்கக் காங்கிரஸில், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்தில், இருந்து பின்னர் நீதிபதியான ஒருவரைப் பற்றி எழுத முனைவோர், நம் தென்னாப்பிரிக்க நாட்டு நடைமுறையை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். இங்கே நாடாளுமன்ற உறுப்பினர்கள் பெரும்பாலும் கட்சிப் பட்டியலின் வழியே தேர்வாகிறார்கள்; அங்கே காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் தொகுதியில் வாக்குக் கேட்டாக வேண்டும். நமக்குப் பழகிய வழியும் வேறு: டர்பனில் பிறந்த நவநீதம் பிள்ளை வழக்கறிஞர் தொழிலிலிருந்தே 1995இல் நீதிபதியானார்.

எடுத்துக்காட்டாக ஆப்னர் மிக்வாவைக் கொள்ளலாம். இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தில் பத்தாண்டுகள் இருந்த அவர் 1969இல் காங்கிரஸுக்குள் நுழைந்தார். தொகுதி எல்லைகள் மாற்றி வரையப்பட்டதால் வேறிடம் பெயர்ந்து, 1972இல் தோற்று, 1974இல் வென்றார். இந்த அலைச்சலைச் சொல்லாமல் பதவிகளை மட்டும் அடுக்கினால் ஆள் தெரியமாட்டார்.

அதிக இடம் ஒதுக்க வேண்டியது 1979ஆம் ஆண்டுக்குத்தான். நமது நீதித்துறைப் பணிகள் ஆணையம் போல வேட்பாளர்களை நேர்காண அரசியலமைப்பே வகுத்த அமைப்பு அங்கில்லை. குடியரசுத் தலைவர் முன்மொழிய, காங்கிரஸின் மேலவையான செனட் ஒப்புதல் தருகிறது. அப்போதைய குடியரசுத் தலைவர் கார்ட்டர் மிக்வாவைத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள கொலம்பியா மாவட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தபோது, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை அவர் ஆதரித்ததால் துப்பாக்கி உரிமைச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. செனட்டில் 58க்கு 31 என்ற வாக்குகளில் ஒப்புதல் கிடைத்தது. எதிர்ப்பு அத்துடன் ஓயவில்லை. ஒருவர் காங்கிரஸில் இருக்கும் காலத்தில் ஊதியம் உயர்த்தப்பட்ட பதவிக்கு, அந்தப் பதவிக்காலத்தில் அவரை நியமிக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பு விதியைக் காட்டி செனட்டர் மெக்க்ளூர் வழக்குத் தொடுத்தார். அவருக்கு வழக்காடும் தகுதி இல்லையென்று 1981இல் அது தள்ளுபடியானது. நியமனம் சரியா தவறா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை என்ற நுட்பத்தைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

அடுத்து, பழைய கட்சி நிலைப்பாட்டைக் கொண்டு தீர்ப்புகளை அளக்கும் ஆசையை அடக்குங்கள். ஒவ்வொரு தீர்ப்பிலும் காரணத்தைப் படித்து, அது பின்னர் என்னவாயிற்று என்றும் பாருங்கள். தன்பாலின ஈர்ப்புள்ள கடற்படைப் பயிற்சி மாணவர் ஒருவர் வெளியேற்றப்பட்டது செல்லாது என்று 1993இல் மிக்வா எழுதிய தீர்ப்பை, அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு 1994இல் புரட்டியது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

நமது அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதிகளுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுக் கால வரம்பு உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி நன்னடத்தை உள்ளவரை, அதாவது விரும்பினால் ஆயுள் முழுவதும், பதவியில் இருக்கலாம். ஆகவே 1991 முதல் தலைமை நீதிபதியாக இருந்த மிக்வா, 1994இல் அதைத் துறந்து குடியரசுத் தலைவர் கிளிண்டனின் வெள்ளை மாளிகைச் சட்ட ஆலோசகராகச் சென்றதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.