பி அலையிலிருந்தே நிலநடுக்கத்தின் அளவையும் சுனாமி அபாயத்தையும் கணிப்பது எப்படி?

பெரிய நிலநடுக்கத்தில் முதலில் கிடைக்கும் எண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்துக்கு பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் சொன்னது 8.0, உண்மையில் அது 9.1. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் மூன்று நிமிடத்தில் வந்த 7.9, பிறகு 9.0 ஆனது. பிளவு எவ்வளவு நீண்டாலும் குறுகிய கால அலைவுகளின் வீச்சு அதற்கேற்ப வளர்வதில்லை. எனவே நீண்ட கால அலைவுகளை அளக்க வேண்டும்.

முதலில் இடம். குறைந்தது 4 நிலையங்களில் பி அலை (நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்து சேரும் அலை) வந்த நேரம் தேவை. சில நூறு கி.மீ.க்குள் ஒரு எளிய சோதனை: பி அலைக்கும் அதன்பின் வரும் எஸ் அலைக்கும் உள்ள இடைவெளியை வினாடியில் எடுத்து 8-ஆல் பெருக்கினால் தொலைவு கி.மீ.யில் வரும். கடலடி நிலநடுக்கத்தில் நிலையங்கள் ஒரே பக்கம் குவிந்திருப்பதால் ஆழம் எளிதில் தவறும். 100 கி.மீ.க்கும் ஆழமானால் சுனாமி வாய்ப்பு மிகக் குறைவு.

அடுத்து அளவு. அகலப்பட்டைக் கருவியின் (வேகமான, மெதுவான அலைவுகள் இரண்டையும் பதிவது) செங்குத்து வேகப் பதிவில் கருவியின் விளைவை நீக்கி, இரண்டு முறை தொகையிடுங்கள் (integration). கிடைக்கும் உச்சத்தை 4πρα³r-ஆல் பெருக்கினால் நிலநடுக்கத்தின் ஆற்றலளவைக் காட்டும் திருப்புத்திறன் M₀, நியூட்டன்-மீட்டரில் (ρ பாறையின் அடர்த்தி, 3400 கி.கி./மீ³, α பி அலையின் வேகம், 7900 மீ/வி, r மீட்டரில் தொலைவு). அளவு = ⅔(log M₀ − 9.1). நிலையங்களின் சராசரியோடு 0.2 கூட்டுங்கள்.

தவறு நுழைவது பெரும்பாலும் தொகையிடலில்தான். பதிவில் சிறு சாய்வு இருந்தாலும் இரண்டாம் தொகையில் அது மலையாகிவிடும். பி அலைக்கு முந்தைய ஒரு நிமிடத்தையும் அதே முறையில் தொகையிட்டுப் பாருங்கள்; அதுவே பெரிதாக வந்தால் அந்த நிலையத்தை விட்டுவிடுங்கள். மேல்முனை வெட்டுண்ட பதிவும் வேண்டாம். எஸ் அலை வருமுன் சன்னலை, அதாவது கணக்கில் எடுக்கும் காலப்பகுதியை, மூடுங்கள். உச்சம் சன்னலின் கடைசி வினாடியில் விழுந்தால் பிளவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த எண்ணைக் கீழ்வரம்பாகவே கொள்ளுங்கள்.

அளவைவிட நாங்கள் அதிகம் நம்புவது கால நீட்சியை. 30 முதல் 90 பாகைத் தொலைவு (ஒரு பாகை சுமார் 111 கி.மீ.) நிலையங்களில் 1–5 ஹெர்ட்ஸ் வடிகட்டியில் பி அலை எத்தனை வினாடி நீள்கிறது என்று பாருங்கள். 50-ஐத் தாண்டினால் சுனாமியை எதிர்பாருங்கள். சுமத்ராவில் அது 500 வினாடியை ஒட்டியது, வினாடிக்கு 2.5 கி.மீ. வேகத்தில் 1250 கி.மீ. பிளவு. மெதுவாகப் பிளக்கும் நிலநடுக்கத்தைப் பிடிப்பதும் இதுவே. 1992 நிகரகுவாவில் பரப்பலை (நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் அலை) காட்டியது 7.2 மட்டுமே, கரையில் அதிர்வும் லேசானது, ஆனால் பேரலை வந்தது.

பி அலைக்கும் பரப்பலைக்கும் இடையே வரும், 200 முதல் 1000 வினாடி அலைவுகள் கொண்ட டபிள்யூ கட்டம் (W phase), பிளவின் இரு பக்கமும் எத்திசையில் நகர்ந்தன என்பதையும் சொல்லும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் 8.6 அளவு வந்தும் பெரிய சுனாமி எழவில்லை. பிளவின் இரு பக்கமும் பக்கவாட்டில் உரசியதால் கடலடி அதிகம் உயரவில்லை. தொலைநிலையங்களிலிருந்து இந்த விடை வர 20 நிமிடத்துக்கு மேலாகலாம். 4000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமி மணிக்கு 700 கி.மீ. ஓடும். அதனால் முதல் எச்சரிக்கையைக் கால நீட்சியை வைத்தே கொடுத்துவிட்டு, டபிள்யூ கட்டம் வந்தபின் திருத்துங்கள்.