எல்லா சக்கரும் ஒரே மீன் இல்லை

தொட்டிக் கண்ணாடியில் பாசி ஏறத் தொடங்கியதும் பலரும் செய்வது, கடைக்குப் போய் "ஒரு சக்கர் குடுங்கண்ணா" என்று கேட்பதுதான். கடைக்காரரும் வலையில் சிக்கியதைக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுத்துவிடுவார். சிக்கல் என்னவென்றால் சக்கர், டேங்க் கிளீனர், ஆல்கே ஈட்டர் என்று சொல்லி விற்பதெல்லாம் ஒரே மீன் கிடையாது. அதில் ஒன்று நாலு சென்டிமீட்டரோடு நின்றுவிடும், இன்னொன்று ஒன்றரை அடி வரை வளரும். ஒன்று கப்பிக் குஞ்சைக்கூடத் தொந்தரவு செய்யாது, இன்னொன்று பெரிதானதும் ஏஞ்சல் மீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு தோலைச் சுரண்டும். குட்டியாக இருக்கும்போது எல்லாமே சாதுவாகத்தான் தெரியும். அதனால் கடையிலேயே எது எது என்று பார்த்துப் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும், வாங்கி வந்த பிறகு தெரிந்து பயனில்லை.

அதற்கும் முன்னால் பாசியைப் பாருங்கள். புதுத் தொட்டியில் முதல் ஒன்றிரண்டு மாதங்களில் கண்ணாடி, இலை, மணல் எல்லாவற்றிலும் பழுப்பாகப் படிவது டயட்டம் என்ற நுண்பாசி. விரல் பட்டாலே கலைந்துவிடும், தொட்டி பழகப் பழகத் தானாகவும் குறையும், ஓட்டோ, பிரிசில்நோஸ் என்ற இரண்டு சின்ன மீன்களும் (பின்னால் சொல்கிறேன்) விரும்பித் தின்னும். மெல்லிய பச்சைப் படலமும் அப்படித்தான். கண்ணாடியில் சின்னச் சின்ன வட்டப் புள்ளிகளாகக் கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சைப் பாசியை மீன்கள் பெரும்பாலும் தொடாது. நெரைட் நத்தை ஓரளவு சுரண்டும், மற்றபடி பிளேடால் நாம்தான் சுரண்ட வேண்டும். இலை ஓரத்திலும் ஃபில்டர் வாயிலும் கறுப்பாகக் கொத்துக் கொத்தாக முளைப்பது பிளாக் பியர்ட் என்ற பாசி. பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் அது செம்பாசி வகை, ஒரு துண்டைப் பிய்த்து ஸ்பிரிட்டில் போட்டால் சிவந்துவிடும். அதைத் தின்னும் மீன்கள் மிகக் குறைவு, சயாமிஸ் ஆல்கே ஈட்டர் அதில் ஒன்று. நீலப்பச்சையாக, வழவழவென்று, பிடித்து இழுத்தால் ஏடாக உரிந்து வரும், மண்வாடை அடிக்கும் ஒன்று இருக்கிறதே, அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியா வகை. எந்த மீனும் அதை உண்டு தீர்க்காது. தண்ணீரே பச்சையாகிப் போனாலும் இந்த மீன்களால் ஒன்றும் ஆகாது, தொட்டியைத் துணியால் மூடி மூன்று நாலு நாள் இருட்டில் வைப்பதோ யூவி விளக்கு போடுவதோதான் வழி.

இதோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். தொட்டி ஜன்னல் ஓரமாக இருந்து நேர் வெயில் விழுகிறதா, லைட் காலையிலிருந்து ராத்திரி வரை எரிகிறதா, தீனி தரையில் மிஞ்சிக் கிடக்கிறதா? அப்படியென்றால் எத்தனை மீன் விட்டாலும் பாசி வந்துகொண்டேதான் இருக்கும். லைட்டை ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரமாகக் குறைத்து, வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றி, தீனியைக் குறைத்தாலே பாதிப் பாசி அடங்கும். மீன் மிச்சத்துக்குத்தான்.

சரி, கடைக்குப் போவோம். அதிகம் ஏமாறுவது கோடு போட்ட மீன்களில்தான். உடம்பு நீளவாக்கில் கறுப்புக் கோடு இருந்தால் எல்லாவற்றையும் சயாமிஸ் ஆல்கே ஈட்டர் என்றே சொல்லி விற்கிறார்கள். உண்மையான சயாமிஸ் மீனில் அந்தக் கோடு மூக்கில் தொடங்கி வாலின் அடியோடு நிற்காமல் வால் துடுப்புக்குள்ளேயே ஓடி, துடுப்பின் நடுவில் உள்ள பிளவு வரை போகும். அடையாளம் காண இதுதான் முதல் விஷயம். தொட்டிக்கு முன்னால் குனிந்து, மீன் பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருந்து வாலைப் பாருங்கள். கோட்டின் ஓரம் நேராக இல்லாமல் லேசாகப் பிசிறடித்தாற்போல் இருக்கும், கோட்டுக்கு மேலே பொன் நிறப் பட்டை எதுவும் இருக்காது, துடுப்புகள் நிறமில்லாமல் கண்ணாடியாகத் தெரியும். தரையிலோ இலையிலோ ஓய்வெடுக்கும்போது வயிற்றுத் துடுப்புகளை ஊன்றி, தலையைச் சற்றுத் தூக்கி நிற்கும்.

ஃப்ளையிங் ஃபாக்ஸில் கறுப்புக் கோட்டுக்கு மேல் பொன் நிறப் பட்டை ஒன்று பளிச்சென்று ஓடும், துடுப்புகளில் கறுப்பும் வெள்ளை விளிம்பும் இருக்கும், சில மீன்களில் சிவப்பும் சேரும். மீசையையும் பார்க்கலாம்: ஃப்ளையிங் ஃபாக்ஸுக்கு இரண்டு ஜோடி, சயாமிஸுக்கு ஒரு ஜோடி, ஆனால் கடைத் தொட்டியில் ஓடும் மீனில் மீசையை எண்ணுவது சிரமம், துடுப்பைப் பார்ப்பது எளிது. அழகில் ஃப்ளையிங் ஃபாக்ஸ்தான் ஒரு படி மேல். ஆனால் ஒரு மூலையைத் தன் இடமாக்கிக்கொண்டு மற்றவற்றை விரட்டும், கறுப்புப் பாசியிலும் பெரிதாக வாய் வைக்காது. கோடு வால் துடுப்பு தொடங்கும் இடத்திலேயே நின்றுவிட்டால் அது காரா என்ற வேறு மீன் வகை. கெட்ட மீன் இல்லை, மேலோட்டமான பாசியைச் சுரண்டும், ஆனால் கறுப்புப் பாசிக்காக வாங்குகிறீர்கள் என்றால் அது உங்களுக்கு வேண்டிய மீன் அல்ல.

நான் யாருக்கும் பரிந்துரைக்காத மீன் சைனீஸ் ஆல்கே ஈட்டர். பெயரில்தான் சைனா, பெருமளவு வருவது தாய்லாந்து, மீகாங் பக்கத்திலிருந்து. தங்க மஞ்சள் நிறத்தில் வருவதுதான் நம் கடைகளில் அதிகம், பார்த்ததும் பிடித்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது செவுளின் மேல் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அங்கே தனியாக ஒரு சின்னத் துளை திறந்து திறந்து மூடும். வாயைக் கல்லிலிருந்து எடுக்காமலே அந்தத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துச் செவுள் வழியாக வெளியே விடுகிறது, அதனால் படபடவென்று வேகமாக மூச்சு விடுவதாகத் தெரியும். மீசை கிடையாது. குட்டியில் நன்றாகவே பாசி தின்னும். 25 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது, வளர வளரப் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களை விரட்டும், ஏஞ்சல், டிஸ்கஸ், கோல்டு ஃபிஷ் போல மெதுவாக நீந்தும் அகல உடம்புக்காரர்களின் மேல் ஒட்டி அவற்றின் வழவழப்பை உறிஞ்சும். அந்தப் புண்ணில் பூஞ்சை பிடித்தால் மீன் போய்விடும். ஏற்கெனவே ஏஞ்சல் தொட்டியில் இது இருந்தால் இப்போதே பிரித்துவிடுங்கள்.

அடுத்தது நம் ஊரில் சக்கர் என்றதும் கையில் வருவது, காமன் பிளேகோ. தென் அமெரிக்க மீன். உடம்பெல்லாம் கவசத் தகடு, அடியில் உறிஞ்சும் வாய். கடையில் இரண்டு அங்குலம் இருப்பது 40 சென்டிமீட்டரைத் தாண்டும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும். இரண்டடித் தொட்டி என்பது 24க்கு 12க்கு 12 அங்குலம், சுமார் 56 லிட்டர். வளர்ந்த பிளேகோ அதில் ஒழுங்காகத் திரும்பக்கூட முடியாது. அதோடு அது போடும் கழிவு அவ்வளவு அதிகம், அந்தக் கழிவே பாசிக்கு உரமாகிறது. பாசியைக் குறைக்க வாங்கிய மீனால் பாசி கூடுகிறது, நிறையத் தொட்டிகளில் நடப்பது இதுதான்.

இடம் போதாமல் போனதும் ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இந்த மீன் ஏற்கெனவே பெருகிவிட்டது, மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கத் தெரிந்ததால் அழுக்குத் தண்ணீரிலும் சாவதில்லை, கரையைக் குடைந்து முட்டையிடும், துடுப்பு முள்ளால் மீனவர்களின் வலையைக் கிழிக்கும், வலை நிறைய வந்தாலும் வாங்க ஆளில்லை. வளர்க்க முடியவில்லை என்றால் வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், கொளத்தூர் போல வண்ணமீன் கடைகள் அதிகம் உள்ள இடங்களில் பெரிய தொட்டி வைத்திருக்கும் யாராவது எடுத்துக்கொள்வார்கள். காசு வராவிட்டாலும் பரவாயில்லை.

பிளேகோ குடும்பத்திலேயே வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது பிரிசில்நோஸ். 12, 13 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். வளர்ந்த ஆணுக்கு மூக்கு முழுக்கக் கிளை விட்ட மீசை முளைத்திருக்கும், சந்தேகமே வராது. குட்டியில்தான் குழப்பம். அப்போது முதுகுத் துடுப்பின் கதிர்களை எண்ணுங்கள்: பிரிசில்நோஸுக்கு முன்முள்ளை விட்டுவிட்டு எண்ணினால் 7 இருக்கும், காமன் பிளேகோவுக்குப் பத்துக்கும் மேல், பாய் விரித்தாற்போல் உயரமாக நிற்கும். மீன் துடுப்பை மடக்கி வைத்திருந்தால் கடைக்காரரிடம் கவரில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். தொட்டியில் ஒரு துண்டு டிரிஃப்ட்வுட் (தொட்டிக்கென்று விற்கும் மரக்கட்டை) கட்டாயம் போடுங்கள், அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும், பகலில் அதன் அடியில்தான் ஒளியும். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் போதும், இரண்டு ஆண் இருந்தால் பொந்துக்குச் சண்டை.

ஓட்டோசின்க்ளஸ், சுருக்கமாக ஓட்டோ, கப்பி டெட்ரா தொட்டிக்கு எல்லாவற்றிலும் சாதுவான துணை. பெரும்பாலும் ஆற்றில் பிடித்து அனுப்புவதால் வரும் வழியிலேயே பட்டினி கிடந்து மெலிந்துவிடுகிறது. வாங்கும்போது வயிற்றை மட்டும் பாருங்கள், கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிறு தெரியும்: உருண்டு இருந்தால் வாங்கலாம், உள்ளே ஒட்டிப்போயிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஐந்தாறாக வாங்குங்கள், தனியாக விட்டால் பயந்து ஒடுங்கிவிடும். புதுத் தொட்டியில் விடாதீர்கள், சில மாதம் ஓடி, கல்லிலும் இலையிலும் படலம் பிடித்த தொட்டிதான் சரி. உப்புத்தன்மை கூடிய போர் தண்ணீரும் ஏப்ரல் மே வெக்கையும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. உங்கள் வீட்டில் கிடைப்பது அந்தத் தண்ணீர்தான் என்றால் மோலி வளருங்கள், கடினத் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும், நாள் முழுக்கக் கல்லையும் இலையையும் கொத்திக்கொண்டே இருக்கும். சின்ன மீன் மட்டும் உள்ள தொட்டியில் அமானோ இறாலும் நல்ல தேர்வு. 1980களில் ஜப்பானிய தொட்டி வடிவமைப்பாளர் தகாஷி அமானோ பாசிக்காகத் தன் தொட்டிகளில் விட்டுப் பிரபலமாக்கியதால் அந்தப் பெயர்.

பாசி தின்னும் மீன்தானே, தனியாகத் தீனி வேண்டாம் என்று விடுவதால்தான் இந்த மீன்கள் அதிகம் சாகின்றன. தொட்டிப் பாசி சில வாரத்தில் தீர்ந்துவிடும், அப்புறம் பட்டினிதான். வெள்ளரிக்காயையோ பீர்க்கங்காயையோ நன்றாகக் கழுவி வட்டமாக நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து ஆறவைத்து, ஒரு ஸ்டீல் ஃபோர்க்கில் குத்தித் தரையில் அமிழ்த்துங்கள். லைட் அணைத்த பிறகு போட வேண்டும், இல்லாவிட்டால் பார்பும் கப்பியும் மொய்த்துவிடும். காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், கிடந்தால் தண்ணீர் கெடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இது, மற்ற நாளில் பாசி வேஃபர் (கடையில் விற்கும் வில்லைத் தீனி). சயாமிஸுக்கு மட்டும் எதிர்த் திசையில் கவனம் வேண்டும்: மேலே போடும் தீனி தாராளமாகக் கிடைத்தால் அது கறுப்புப் பாசியைத் திரும்பியும் பார்க்காது, அதனால் தீனியில் கை கொஞ்சம் இறுகட்டும். அது 15 சென்டிமீட்டர் வரை வளரும், துறுதுறுவென்று நீந்தும், மூன்றடித் தொட்டியாவது வேண்டும். தாவியும் விடும், மூடியில் இடைவெளி வைக்காதீர்கள்.

வெயில் காலத்தில் தண்ணீர் சூடாக ஆக ஆக்சிஜன் குறையும், இவற்றில் பல ஓடும் ஆற்று மீன்கள், அவைதான் முதலில் தவிக்கும். ஏர் பம்பை நிறுத்தாமல் ஓட விடுங்கள், தண்ணீர் மேற்பரப்பில் படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆன்டி குளோரின் போட்ட பிறகே ஊற்றுங்கள். வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து போடும்போது பாட்டிலில் காப்பர் இருக்கிறதா என்று படியுங்கள். இறாலும் நத்தையும் காப்பர் பட்டால் பிழைக்காது, அவற்றை முதலில் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஓட்டோவும் மருந்து தாங்காத மீன், அது இருக்கும் தொட்டியில் அளவைப் பாதியிலிருந்து தொடங்கி, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே கூட்டுங்கள்.